நான் சொல்ல அவர் பிடித்த மீன்

வியாழன், காலை 5.10. லாலாகுடா, செகந்திராபாத்.

மீன் பிடிக்கத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் போகிறோம் என்று சொன்னபோது என் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். ஹுசைன் சாகரில் மீனுக்கா பஞ்சம் என்றார். டிரவுட் என்று ஒரு மீன் இருக்கிறது, அது குளிர்ந்த ஓடைத் தண்ணீரில்தான் உயிர் வாழும், வெள்ளைக்காரன் கொண்டுவந்து நீலகிரியில் விட்டது, புழுவைப் போட்டு அதைப் பிடிப்பது மரியாதை இல்லை, இறகையும் நூலையும் கட்டி ஈ மாதிரி செய்த போலி இரையைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினேன். "கைக்கு பாய்?" என்று, எதற்குத் தம்பி என்பதை உருதுவில் கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியாததால் நானும் விட்டுவிட்டேன்.

மீன் ஆசை என்னுடையது அல்ல, ஞானராஜ் அண்ணனுடையது. அவர் பாசஞ்சர் வண்டி டிரைவர். நான்கு வருஷமாக நான் அவருக்கு உதவி டிரைவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவர் தாத்தா பிழைக்க வந்து செகந்திராபாத்தில் இறங்கி எஞ்சினுக்குக் கரி போட்டார். அப்பா எஞ்சின் ஓட்டினார். இவர் மூன்றாவது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர், போகும்போது மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த தன் தூண்டில் ராடை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு முன் இவரை ஒருமுறை ஊட்டிக்குப் பக்கத்திலிருக்கும் அவலாஞ்சிக்கும் கூட்டிப்போயிருக்கிறார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாக அந்த ராடு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. இந்த மார்ச் மாதத்தில், 1983இல், எனக்கு டிரைவர் பிரமோஷன் ஆர்டர் வந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நான் தனியாகக் கூட்ஸ் வண்டி ஓட்ட வேண்டும், அண்ணனுக்குப் புது அசிஸ்டெண்ட் வருவான். "லீவு போடுலே மணி, அவலாஞ்சி போவோம். இது என் ட்ரீட்டு" என்றார். ஒரு வாரம் லீவு போட்டோம்.

ஜீப் அவருடைய மச்சானுடையது. சைனிக்புரியில் இருக்கும் அந்த ரிட்டயர்ட் சுபேதார் ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி. ஞானராஜ் அண்ணன் எந்த வண்டியாக இருந்தாலும் தானே ஓட்டுகிற ஆள். சர்ச் பிக்னிக் பஸ்ஸில்கூட டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கியர் மாற்றச் சொல்லித் தருவார். அப்படிப்பட்டவர் சாவியை என் கையில் வைத்தார். "டிரைவர் ஆயிட்டேல்லா, ஓட்டுலே." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் பெண் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து, "நான்னா, ஜாக்ரத்த" என்று அப்பாவுக்குத் தெலுங்கில் பத்திரம் சொன்னாள். அவர் மனைவி ரோசலின் அக்கா மட்டும் என்னிடம் வந்து, "நீயே ஓட்டு மணி, வரும்போதும் நீயே ஓட்டிடு" என்றார். சரிக்கா என்றேன். ஒன்றும் யோசிக்கவில்லை.

காலை 10.30. கர்நூல்.

215 கிலோமீட்டர். ஜட்சர்லாவில் டீ, நாற்பது பைசா, பால் என்ற பேரில் வெந்நீர். வெயில் ஏறிவிட்டது. இரண்டு பக்கமும் பாறையும் புளியமரமும். துங்கபத்திரையில் தண்ணீர் இல்லை, மணலில் எருமைகள் படுத்திருந்தன. வழி நெடுக அண்ணன், "கர்நூல் இன்னும் எவ்வளவுலே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மைல்கல் அவர் பக்கத்தில்தான் வருகிறது. "உங்க பக்கம்தானே கல்லு நிக்குது, பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றேன் ஒருமுறை எரிச்சலோடு. "வெயில் கூசுதுலே" என்றார். கூசத்தான் செய்தது. எனக்கும் கூசியது.

பகல் 12.15. டோன் லெவல் கிராசிங்.

ஊருக்கு வெளியே கேட் போட்டுவிட்டான். அந்தத் தண்டவாளத்தில்தான் வாரத்தில் நான்கு நாள் எங்கள் வண்டி போகிறது. கேட்டில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு ஓரமாக நிற்பது விசித்திரமாக இருந்தது. தூரத்தில் கைகாட்டி மரம் தெரிந்தது, கை இறங்கியிருந்தது. பழக்க தோஷம், வாய் தானாகவே கத்தியது.

"ஹோம், கிரீன்!"

"ஹோம், கிரீன்!" என்றார் அண்ணன்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கேட்மேன் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். இந்தக் கத்தலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஹோம் என்பது ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்னால் நிற்கும் சிக்னல், அதன் கை இறங்கியிருந்தால் கிரீன், போகலாம், ஏறியிருந்தால் நிற்க வேண்டும். எஞ்சினில் இரண்டு பேர் இருப்போம். வரும் ஒவ்வொரு சிக்னலையும் ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் தன் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் கண் தவறினாலும் இன்னொருவர் கண் தவறாது என்பதற்காக வைத்த முறை. யார் முதலில் சொல்வது என்று கணக்கில்லை, பார்த்தவர் சொல்லலாம். எனக்கு அதில் ஒரு கிறுக்கு. நான்தான் முதலில் சொல்ல வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே தலையை வெளியே நீட்டிக்கொண்டு பார்ப்பேன். ஆரம்பத்தில் அவருக்கும் எனக்கும் போட்டிதான். கடந்த ஒரு வருஷமாக அவரை ஒரு சிக்னலில்கூட ஜெயிக்க விட்டதில்லை. டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் எல்லாரிடமும் இதைச் சொல்லிப் பீற்றியிருக்கிறேன்.

"இப்பவும் நான்தான் ஃபர்ஸ்ட்" என்றேன்.

"எப்பவும் நீதாம்லே ஃபர்ஸ்ட்" என்றார் அவர்.

அன்றைக்கு ராத்தங்கல் அனந்தபூரில், அறை பதினைந்து ரூபாய். வெள்ளிக்கிழமை பெங்களூரைத் தாண்டி மைசூர். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, லாரிகளும் புழுதியும்தான்.

சனி, பகல் 2.00. ஊட்டி.

பந்திப்பூர்க் காட்டில் ரோட்டை ஒட்டி நான்கு யானைகள் நின்றன. ஜீப்பை நிறுத்தி, "அண்ணே, அண்ணே, பாருங்க!" என்றேன். அவர் சரியான பக்கம்தான் திரும்பினார். "ஆத்தாடி, எம்மாம் பெருசு!" என்றார். அதில் ஒன்று இவ்வளவூண்டு குட்டி. அதைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. இதெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இப்போது வரிசையாக ஏறுகிறது.

கூடலூர் வழியாக மலை ஏறினோம். ஜீப் இரண்டு இடத்தில் சூடாகித் தண்ணீர் கேட்டது. ஊட்டியில் மீன்வளத்துறை ஆபீஸில் ஆளுக்கு ஓர் உரிமச் சீட்டு வாங்கினோம். அங்கிருந்த கிளார்க் சால்வையைப் போர்த்திக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹைதராபாத்லயிருந்தா? டிரவுட்டுக்கா?"

"ஆமா சார்."

"புழு போடக் கூடாது. சின்ன மீனைத் திருப்பி விட்டுடணும். மழை வந்தா ஓடைக்குள்ள நிக்காதீங்க. இந்தாங்க, இதைப் படிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் படிக்கவில்லை. "எங்கலே?" என்று என்னைக் கேட்டார். நான் விரலை வைத்த இடத்தில் போட்டார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகக் கிளார்க்கிடம் சொன்னார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. வயசாகிறது, படிக்கும் கண்ணாடி போட வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஊட்டியிலிருந்து அவலாஞ்சி இருபத்தெட்டுக் கிலோமீட்டர். கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ரோடு என்று ஒன்று இல்லை. மீன் குஞ்சு பொரிக்கும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். காவல்காரர் பெயர் போஜன், படகர் இனத்துக்காரர், ஐம்பது வயசிருக்கும், தலைப்பாகை. குளிரில் பல் கிட்டியது. அண்ணன் ராடைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூன்று துண்டுகளையும் தடவித் தடவிப் பொருத்தினார். கண்ணை மூடிக்கொண்டு செய்வது போலச் செய்தார். எவ்வளவு பழக்கம் பார் என்று வியந்தேன்.

ஞாயிறு, காலை 7.00. அவலாஞ்சி ஓடை.

இப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. முழங்கால் ஆழத்தில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. இரண்டு பக்கமும் சோலைக்காடு, கறுத்துப்போய், ஈரமாக. மேலே புல்மலை. சத்தம் என்றால் ஓடைச் சத்தம் மட்டும்தான். லாலாகுடா ஒர்க்ஷாப் சங்கும் சம்மட்டிச் சத்தமும் கேட்டே வளர்ந்த காதுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை, என்னவோ நடக்கப்போகிறது என்பது போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் மீன் பிடிக்கிற இரண்டு கிறிஸ்தவர்களுக்கு வேறு எப்படி இருக்கும் என்று அண்ணன் சிரித்தார்.

அவர் தூண்டில் வீசுவது பார்க்க அழகு. கை பின்னால் போய், ஒரு நொடி நின்று, முன்னால் வரும். நூல் காற்றில் வளைந்து போய்ப் போலி ஈயைத் தண்ணீர்மேல் மெதுவாக வைக்கும். என்னை மேட்டில் நிற்க வைத்தார். "அங்கேர்ந்து உனக்கு மீன் தெரியும். மீன் வந்து ஈயைத் தொட்டதும் சொல்லு, நான் இழுக்கேன்." இதுதான் முறை போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு மீன்பிடி பற்றி என்ன தெரியும்?

ஏழெட்டு வீச்சுக்குப் பிறகு, பாறை நிழலிலிருந்து ஒரு மீன் எழும்பி வந்தது. ஈயைப் பார்த்தது. ஒதுங்கியது. திரும்ப வந்தது.

"இழுங்க!"

ராடு வில்லாக வளைந்தது. பத்து நிமிஷம் இழுபறி. நான் பேன்ட்டோடு தண்ணீரில் குதித்து அதைக் கையில் அள்ளினேன். ஒன்றரை ராத்தல் இருக்கும். பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளிகள். அண்ணன் அதைக் கையில் வாங்கி, முகத்துக்கு நேராகத் தூக்கி, தலையை ஒருபக்கமாகத் திருப்பிக் கடைக்கண்ணால் வெகுநேரம் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர். "போதும்லே. இது போதும்" என்றார். மீன் பிடித்ததற்கா அழுவார்கள் என்று அதற்கும் சிரித்தேன்.

கரையில் குந்தியிருந்த போஜன் பீடியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"ஏன் சாமி, பெரியவருக்குக் கண்ணு இல்லியா?"

"இன்னாய்யா சொல்ற? அவர் ரயில் ஓட்டறவரு."

"நான் இங்க இருபது வருசமா தொரைமாரெல்லாம் பிடிக்கறதப் பாத்தவன். தண்ணியப் பாத்து இழுப்பாங்க. இவரு தண்ணியப் பாக்கறதே இல்ல. காதத் தீட்டிட்டு உங்க வாயத்தான் பாக்கறாரு."

அவ்வளவுதான் சொன்னார். தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

சாவி. மைல்கல். யானைக்குட்டி. கையெழுத்து. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இல்லை, இருக்காது, இந்த மலைக்காரன் எதையோ உளறுகிறான் என்று என்னையே அதட்டிக்கொண்டேன். அண்ணன் மறுபடி வீசினார். ஈ எனக்குப் பத்தடி தூரத்தில் மிதந்தது. வெள்ளை இறகு, பட்டப்பகல். சுற்றிலும் மீன் இல்லை, ஒரு குஞ்சுகூட இல்லை. தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது.

"இழுங்கண்ணே!" என்றேன்.

அவர் முழு வேகத்தில் இழுத்தார். நூல் பறந்து வந்து பின்னால் புதரில் சிக்கியது. அவர் தள்ளாடி நின்றார்.

"விட்டுட்டேனா?" என்றார். "பெருசாலே?"

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

"மீனே இல்லண்ணே" என்றேன். "சும்மா சொன்னேன்."

அவர் ராடைத் தாழ்த்தினார். பிறகு கரையேறி, பாறையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன்.

"பதினாலு மாசம்."

நடுவில் மங்கலாக ஒரு திட்டு என்றார். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மறைந்துபோகும், ஓரத்தில் இருப்பது கொஞ்சம் தெரியும். ரயில்வே டாக்டரிடம் போனால் அன்றைக்கே எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று, ஊருக்குத் தெரியாமல் ஆபிட்ஸில் ஒரு கண் டாக்டரிடம் போயிருக்கிறார். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, திரும்ப வராது என்று அந்த டாக்டர் சொல்லிவிட்டார். வருஷ மெடிக்கல் ஜூன் மாதம். போன வருஷத்தில் எப்படியோ எழுத்துகளைக் கடைக்கண்ணால் படித்து ஒப்பேற்றிவிட்டார்.

"அப்ப சிக்னல்?"

"நீ இருந்தேல்லா."

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வருஷமாக என்னை ஜெயிக்க விட்டவர் அவர்தான். ஒரு வருஷமாக எஞ்சினில் இரண்டு கண்தான் இருந்திருக்கிறது, அது என்னுடையது, அது எனக்கே தெரியாது. நான் ஒரு தடவை தும்மியிருந்தால்? குனிந்து ஷூ நாடாவைக் கட்டியிருந்தால்? பின்னால் பத்துப் பெட்டி ஜனம்.

"ஜனவரில எனக்குக் காய்ச்சல்ணே" என்றேன். "அஞ்சு நாள் வரல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாலு நாள் உனக்குப் பதிலா வந்த பையன் ஒழுங்கா சொல்லிட்டான். அஞ்சாம் நாள் அவன் எஞ்சின் ரூமைப் பாக்கப் பின்னால போயிருந்தாம்லே. கைகாட்டி வந்திட்டு. மரம் தெரிஞ்சுது. கை ஏறியிருக்கா இறங்கியிருக்கான்னு தெரியல. பிரேக்ல கைய வச்சேன். காரணமில்லாம நின்னா எதுக்கு நின்னேன்னு எழுதிக் குடுக்கணும். என்னன்னு எழுத?"

"நின்னீங்களா?"

"போயிட்டேன்."

"இறங்கி இருந்துச்சா?"

"இன்னைக்கு வரைக்கும் தெரியாதுலே."

நான் எழுந்து கொஞ்ச தூரம் நடந்துபோய் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகுதான் இந்தப் பயணம் எதற்கென்று சொன்னார். என் பிரமோஷனை நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதினால் ஒரு வருஷம் அசிஸ்டெண்டாகவே இருக்கலாம், ரூல் இருக்கிறது. ஜூன் மெடிக்கலைத் தள்ளிப்போட ஏதாவது வழி பார்ப்பார். ஒரே ஒரு வருஷம்.

"எஞ்சினை விட்டு இறங்கினா பாதிச் சம்பளம்லே. அது கெடக்கு. என்னைய எங்க உக்கார வைப்பானுங்க தெரியுமா? சிக்னல் விளக்கு துடைக்கிற லாம்ப் ரூம்லயோ, வண்டி எப்பன்னு கேக்கறவனுக்குச் சொல்ற விசாரணை ஜன்னல்லயோ. எங்க அப்பா ஓட்டின லைன்ல நான் ஜன்னல்ல உக்காரணும். நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே இல்ல மணி. நம்ம ரெண்டு பேரும் சேந்து ஒரு டிரைவர். இன்னைக்கு மீனப் பிடிக்கலியா?"

அவர்மேல் எனக்கு எவ்வளவு அன்பு என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அதே நிமிஷம் அவரைப் பிடித்து ஓடையில் தள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் உண்மை.

"நக்கோண்ணே" என்றேன். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஹைதராபாத் வார்த்தைதான் என் வாயில் வந்தது. "வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு உங்களுக்கு டூட்டி. அதுக்கு முன்னால ஆபீஸ்ல நீங்களே போய்ச் சொல்லிடணும். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

மீனை போஜனிடம் கொடுத்துவிட்டோம். மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. அறையில் இரண்டு கட்டிலில் இரண்டு பேரும் கிடந்தோம். அவர் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை.

புதன், காலை 9.40. டோன் லெவல் கிராசிங்.

திங்கள் மைசூர், செவ்வாய் அனந்தபூர். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் இரண்டு பேரும் பேசியது, "டீ?" "வேண்டாம்" அவ்வளவே. கீழே இறங்க இறங்க வெயில் முகத்தில் அறைந்தது. ராடுப் பெட்டி பின்சீட்டில் கிடந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் தடதடத்தது. நான் செய்வது சரி என்று பத்து மைல், இவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று பத்து மைல். அப்படியே டோன் வரைக்கும் வந்தேன்.

கேட் மூடியிருந்தது. எஞ்சினை அணைத்தேன். தூரத்தில் அதே கைகாட்டி. எனக்குத் தெரிந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

நான் வேண்டுமென்றே சொல்லாமல் இருப்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஜீப்பை விட்டு இறங்கினார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையை ஒருபக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார், கோழி தானியத்தைப் பார்ப்பது போல. கையைப் புருவத்தில் வைத்தார். ஒரு மாட்டு வண்டிக்காரர் அவரை வேடிக்கை பார்த்தார். நான் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"மணி" என்றார், திரும்பாமலே. "சொல்லுலே."

நான் சொல்லவில்லை.

"சொல்லுலே மணி."

ரயில் சத்தம் கேட்டது. எங்கள் பாசஞ்சர் வண்டிதான், எங்களுக்குப் பதில் யாரோ ஓட்டிவந்தார்கள். ஜன்னல்களில் தலைகள், கைகள், ஒரு குழந்தை டாட்டா காட்டியது. கடைசிப் பெட்டி போகும் வரைக்கும் அவர் அப்படியே நின்றார். பிறகு வந்து ஏறி உட்கார்ந்தார்.

"தெரியல" என்றார்.

கேட் திறந்தது. அதற்கப்புறம் வீடு வரைக்கும் மறுபடி பேச்சில்லை.

வியாழன், பகல் 1.15. லாலாகுடா.

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, சாமான் பெட்டியோடு, டூட்டிக்கு வருவது போலவே வந்தார். எனக்குத் திக்கென்றது. ஆபீஸ் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைக் காலடியில் வைத்தார்.

"பேனா வச்சிருக்கியா?"

அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் முதலில் சொல்லி நான் திருப்பிச் சொன்னது அன்றைக்குத்தான். என் பார்வை சரியில்லை, வண்டி ஓட்ட எனக்குத் தகுதி இல்லை, மெடிக்கலுக்கு அனுப்பவும். எப்போதிலிருந்து என்று எழுத வேண்டிய இடம் வந்தது.

"இந்த வாரத்திலேர்ந்துன்னு போடுலே" என்றார்.

"பொய்ணே அது."

"பதினாலு மாசம்னு போட்டா என்னைய வெளியவே அனுப்பிருவானுங்க. பென்ஷனும் போயிரும். உன்னையும் கூப்பிட்டுக் கேப்பானுங்க, பக்கத்துல உக்காந்திருந்தவன் ஒருத்தனுக்கு எப்படிடா தெரியாமப் போச்சுன்னு. யோசிச்சுக்கோ."

அந்த மலையில் அவ்வளவு நியாயம் பேசியவன், அந்த வராந்தாவில் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. 'சில காலமாக' என்று எழுதினேன். அந்த வார்த்தை அவரைக் காப்பாற்றியது, என் பிரமோஷனையும் காப்பாற்றியது. ஜனவரியில் அந்தக் கைகாட்டி இறங்கியிருந்ததா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"எங்கலே?" என்றார். விரலை வைத்தேன். கையெழுத்துப் போட்டார். எழுந்து உள்ளே போனார். பெட்டியை என் காலடியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ஒன்பது மாதமாகிவிட்டது. அவர் பயந்தபடியே விசாரணை ஜன்னலில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். டைம்டேபிள் முழுக்க அவருக்கு மனப்பாடம், பார்க்க வேண்டியதில்லை. நான் அந்தப் பக்கமாகப் போனால் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைக்கிறேன். முகம் வேறு பக்கம் திரும்பும். ரோசலின் அக்கா மட்டும் ஒரு கிறிஸ்துமஸ் கார்டு வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார், இன்னும் வரவில்லை. அவலாஞ்சித் தண்ணீரைப் பற்றி யாராவது கேட்டால், அடியில் கிடக்கிற கல் வரைக்கும் தெரியும் என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் எந்தத் தண்ணீரிலும் அப்படித் தெரியாது, தெரியாமல் இருப்பதும் ஒரு வசதிதான்.

நான் இப்போது கூட்ஸ் ஓட்டுகிறேன். என் அசிஸ்டெண்ட் கெட்டிக்காரன், கண் கழுகுக் கண், எல்லாச் சிக்னலையும் என்னை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறான். அதில் அவனுக்கு ஒரே பெருமை. போன வாரம் அவனிடம், "நடுநடுவுல ஏதாவது ஒரு சிக்னலை வேணும்னே சொல்லாம இருந்து பாரு. நான் சொல்றனான்னு பாரு. சொல்லலேன்னா நீயே பிரேக்கைப் போடு" என்றேன். எதற்கென்று கேட்டான். சொன்னதைச் செய் என்றேன்.

நேற்று கர்நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் அவன் பேசாமல் இருந்தான். கைகாட்டி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும், சொல்வதற்கு முன் கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

"ஹோம், கிரீன்" என்றேன்.

அவன் எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொன்னான்.